தராசு அனுப்பும் பைட்டுகளை ஹெக்ஸில் எழுதுவதும் திரும்பப் படிப்பதும்

ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் லோரித் தராசுக்கான நிரலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குலை ஏற்றிய லோரி தராசில் ஏறி நிற்கும். தராசுப் பெட்டி எடையைக் கம்பி வழியே கணினிக்கு அனுப்பும். குலையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறும் லோரியை மறுபடி நிறுப்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் காசு. தோட்டத்து லோரிக்கும், நாலைந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரரின் லோரிக்கும் அதே தராசுதான். எடையில் நாளைக்கு ஒருவருக்குச் சந்தேகம் வந்தால், கம்பியில் அன்றைக்கு என்ன வந்தது என்று எடுத்துக் காட்ட வேண்டும். அதனால் வரும் பைட் எதையும் விடாமல் ஹெக்ஸில், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில், எழுதி வைக்கிறேன். நிரல் ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியில் (ஃபங்ஷன்களைக் கோத்தே நிரல் எழுதும் மொழி) இருக்கிறது.

ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு என்னிடம் நிரலாக்கம் படிக்க வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதுதான்: "அக்கா, எடையை நேரே எழுதிட்டா போதாதா? எதுக்கு ஹெக்ஸ்?" போதாது. எடை என்பது நாம் பைட்டுகளைப் படித்துப் புரிந்துகொண்டது. படித்த நிரலே தவறாக இருந்தால், எழுதி வைத்த எடையும் அதே தவறோடு இருக்கும். பைட்டுகளை வந்தபடி வைத்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் புதிதாகப் படித்துக்கொள்ளலாம்.

ஒரு லோரி 18,450 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெட்டி அனுப்பும் வரி ஹெக்ஸில் இப்படி இருக்கும்:

02 30 31 38 34 35 30 03 08

02 ஆஸ்கியில் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அட்டவணை) உரைத் தொடக்கக் குறி, 03 உரை முடிவுக் குறி. நடுவில் இருக்கும் ஆறு பைட்டுகள் எடையின் இலக்கங்கள். ஆஸ்கியில் 0 முதல் 9 வரையான இலக்கங்கள் ஹெக்ஸில் 30 முதல் 39 வரை உட்கார்ந்திருக்கின்றன. கடைசி 08 சரிபார்ப்பு பைட். ஆறு இலக்க பைட்டுகளையும் ஒன்றோடொன்று எக்ஸ்ஆர் (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0) செய்தால் கிடைப்பது. எங்கள் தராசுக் கிராணி நிரல் படித்தவர் இல்லை. ஆனால் இந்த வரியை ஒரு தடவை காட்டியதும், "இந்த 3-ஐ எல்லாம் தள்ளிட்டுப் படிச்சா எடை வந்துடுதேம்மா" என்றார். ஹெக்ஸ் மனிதக் கண்ணுக்காக இருப்பது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ஹெக்ஸில் ஒன்பதுக்கு மேல் வரும் மதிப்புகளுக்கு ஆங்கில எழுத்துகள் வரும். இங்கே அவற்றை ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று தமிழில் எழுதுகிறேன். முறையே 10 முதல் 15 வரை.

முதலில் வகைகளை எழுதுங்கள்

ஃபங்ஷனல் மொழியில் வேலை செய்யும்போது உள்ளே என்ன எழுதுவது என்று யோசிப்பதற்கு முன் வகையை, அதாவது எதை வாங்கி எதைத் தரும் என்பதை, எழுதிவிட வேண்டும். இங்கே இரண்டு ஃபங்ஷன்கள் (பைட்சரம் என்றால் பைட்டுகளின் வரிசை):

ஹெக்ஸாக்கு : பைட்சரம் → பைட்சரம்
பைட்டாக்கு : பைட்சரம் → பிழை அல்லது பைட்சரம்

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை என்றாலும் வகைகள் ஒன்றுபோல இல்லை. எந்த பைட்சரத்தைக் கொடுத்தாலும் அதற்கு ஹெக்ஸ் உண்டு. காலிச் சரத்துக்குக் காலி ஹெக்ஸ். அந்தப் பக்கம் தோல்வி என்பதே கிடையாது. திரும்பி வரும்போது அப்படி இல்லை. கையில் கிடைத்தது ஹெக்ஸாகவே இல்லாமல் இருக்கலாம், பாதியில் அறுந்திருக்கலாம். அந்த உண்மையை வகையிலேயே எழுதிவிட்டால், கூப்பிடுகிறவர் அதைக் கவனிக்காமல் தாண்ட முடியாது. இந்த வேலையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த ஒரு விஷயம்தான். கீழே வருவதில் பாதி இதிலிருந்து வருகிறது.

பைட்டிலிருந்து ஹெக்ஸுக்கு

ஒரு பைட் எட்டு பிட். அதை நான்கு நான்கு பிட்டாகப் பிரித்தால் இரண்டு நிபிள். ஒரு நிபிளின் மதிப்பு 0 முதல் 15 வரை, அதாவது சரியாக ஒரு ஹெக்ஸ் இலக்கம். பைட்டை நான்கு பிட் வலப்பக்கம் நகர்த்தினால் மேல் நிபிள் கிடைக்கும். 15-உடன் பிட்வாரியாக 'அண்ட்' செய்தால் கீழ் நிபிள். 75 என்ற பைட்டை எடுத்தால் மேலே 4, கீழே 11. ஹெக்ஸில் 4பி. இது 'கேஜி' என்று எழுதும்போது வரும் பெரிய கே எழுத்தின் ஆஸ்கி மதிப்பு. சில தராசுப் பெட்டிகள் அலகையும் சேர்த்து அனுப்பும்போது இதைப் பார்ப்பீர்கள்.

நிபிளை எழுத்தாக்குவது சின்னக் கணக்கு. 0 முதல் 9 வரை என்றால் 48-ஐக் கூட்டுங்கள். 10 முதல் 15 வரை என்றால், சிறிய எழுத்து வேண்டுமானால் 87-ஐ, பெரிய எழுத்து வேண்டுமானால் 55-ஐக் கூட்டுங்கள்.

இனி முழுச் சரத்துக்கும் இதைப் பரப்ப வேண்டும். ஒவ்வொரு பைட்டுக்கும் இரண்டு பைட் தரும் ஃபங்ஷனை எழுதி 'கான்கேட்மேப்' போட்டால் வேலை முடிந்துவிடும். படிக்கவும் சுலபம். ஆனால் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு குட்டிச் சரம் பிறந்து, பிறகு எல்லாம் ஒட்டப்படும். வரும் நீளம் இருமடங்கு என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும்போது 'அன்ஃபோல்டுஆர்என்' பொருத்தமானது. முடிவில் எத்தனை பைட் வரும் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். 0-இல் தொடங்கும் ஒரு எண்ணை நிலையாக வைக்கிறோம். அந்த எண்ணை இரண்டால் வகுத்தால் எந்த பைட் என்பதும், அது இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று பார்த்தால் மேல் நிபிளா கீழ் நிபிளா என்பதும் தெரிந்துவிடும். ஓகேமல் மொழியில் 'ஸ்ட்ரிங்.இனிட்' இதே வேலையை இன்னும் சுருக்கமாகச் செய்யும். எர்லாங், எலிக்சர் மொழிகள் இன்னும் அழகு: அவற்றின் பிட் தொடரியலில் நான்கு நான்கு பிட்டாக எடு என்று நேரே எழுதலாம், நகர்த்தும் கணக்கே வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஹாஸ்கெலில் எண்ணை ஹெக்ஸாக எழுத 'ஷோஹெக்ஸ்' என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்ததும் கை அங்கேதான் போகும். அது எண்களுக்கானது, முன்னால் வரும் சுழியை எழுதாது. 2 என்ற பைட்டுக்கு 02 வராது, வெறும் 2 வரும். நம் வரியில் அது என்ன செய்யும் என்று பாருங்கள். சரிபார்ப்பு பைட்டை விட்டுவிட்டு 02 முதல் 03 வரை மட்டும் எடுத்து, ஒவ்வொரு பைட்டையும் ஷோஹெக்ஸில் போட்டு ஒட்டினால்:

23031383435303

பதினான்கு இலக்கம். இரட்டைப்படை. எல்லாமே நியாயமான ஹெக்ஸ் இலக்கம். திரும்பப் படிக்கும் ஃபங்ஷன் ஒரு குறையும் சொல்லாமல் 23 03 13 83 43 53 03 என்று ஏழு பைட் கொடுத்துவிடும். வந்தது எட்டு பைட், அதில் எடையின் இலக்கம் ஒன்றுகூட இதில் சரியாக இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. சரிபார்ப்பு பைட் 08-ஐயும் சேர்த்திருந்தால் அதுவும் சுழியை இழந்து மொத்தம் பதினைந்து இலக்கமாகியிருக்கும். ஒற்றைப்படை என்பதால் அகப்பட்டிருக்கும். அதாவது அகப்படுவதும் தப்புவதும், அன்றைக்கு எத்தனை சின்ன பைட் வந்தது என்பதைப் பொறுத்து. பைட்சரத்துக்கு எப்போதும் பைட்டுக்கு இரண்டு இலக்கம், விதிவிலக்கே கிடையாது. ஹாஸ்கெலின் பைட்ஸ்ட்ரிங் பில்டரிலும் இதே ஜோடி இருக்கிறது: 'வேர்டு8ஹெக்ஸ்' சுழியை விட்டுவிடும், 'வேர்டு8ஹெக்ஸ்ஃபிக்ஸ்டு' விடாது. முழுச் சரத்துக்கு 'பைட்ஸ்ட்ரிங்ஹெக்ஸ்' இருக்கிறது, அது பாதுகாப்பானது.

ஹெக்ஸிலிருந்து பைட்டுக்கு

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

ஒரு எழுத்தை நிபிளாக்கும் ஃபங்ஷனிலிருந்து தொடங்குங்கள். 48 முதல் 57 வரை என்றால் 48-ஐக் கழியுங்கள். 65 முதல் 70 வரை என்றால் 55-ஐ. 97 முதல் 102 வரை என்றால் 87-ஐ. மற்ற எல்லாவற்றுக்கும் 'நத்திங்', அதாவது மதிப்பு இல்லை. அந்த நான்காவது கிளையில் 0 என்று திருப்பிக் கொடுக்கும் நிரல்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதாதீர்கள். 0 ஒரு உண்மையான மதிப்பு. எடை வரியில் அது ஒரு இலக்கம்.

அப்புறம் இரண்டு எழுத்தைச் சேர்த்து ஒரு பைட். மேல் நிபிளைப் பதினாறால் பெருக்கிக் கீழ் நிபிளைக் கூட்ட வேண்டும், ஆனால் இரண்டும் இருந்தால் மட்டும். மதிப்பு இருக்கலாம், நத்திங்காகவும் இருக்கலாம் என்று சொல்லும் 'மேபி' வகையின் அப்ளிகேட்டிவ் இதைத்தான் செய்கிறது. இருக்கிறதா இல்லையா என்று நாம் தனித்தனியாகக் கேட்க வேண்டியதில்லை. பிறகு சரத்தை இரண்டிரண்டாக வெட்டி, அந்த ஜோடிகளின் மேல் 'ட்ராவர்ஸ்' போடுங்கள். எல்லா ஜோடியும் சரி என்றால் முழு பைட்சரம் வரும். ஒன்று கெட்டிருந்தாலும் மொத்தமும் நத்திங். பாதி வந்த எடையை எடை என்று யாரும் எடுத்துக்கொள்ள வழியில்லை. இதற்கு முன்பாக நீளம் இரட்டைப்படையா என்று பார்த்துவிடுங்கள்.

வேலை ஓடிய பிறகு மேபியை 'ஈதர்' ஆக மாற்றுங்கள். அதில் சரியான விடை 'ரைட்' பக்கமும் பிழை விவரம் 'லெஃப்ட்' பக்கமும் வரும். நத்திங் என்றால் தவறு என்று மட்டும் தெரியும். எந்த இடத்தில், எந்த எழுத்து என்று சொன்னால் ராத்திரி ஷிஃப்டில் கிராணி போன் பண்ணும்போது, "ஏழாவது இடத்துல என்ன இருக்கு, பாருங்கண்ணே" என்று கேட்க முடியும். ஜோடிகளோடு இட எண்ணையும் சேர்த்து ஓடவிட்டால் போதும், நிரலின் உருவம் மாறாது.

இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மேலே எழுதிய வரியில் கண்ணுக்காக இடைவெளி விட்டிருக்கிறேன். பதிவுக் கோப்பிலும் அப்படித்தான். ஆனால் இடைவெளியை நீக்குவதை பைட்டாக்கும் ஃபங்ஷனுக்குள் வைக்க மாட்டேன். அதற்கு முன்னால் தனி ஃபங்ஷன் வைத்து, இடைவெளியையும் வரி முடிவையும் மட்டும் அது எடுக்கட்டும். சில நூலகங்களில் 'லீனியன்ட்' என்ற தளர்ந்த வடிவம் இருக்கும். ஹெக்ஸ் அல்லாததைப் பார்த்தால் அது தாண்டிப் போய்விடும். சுழிக்குப் பதிலாக ஆங்கில ஓ எழுத்தை யாராவது தட்டியிருந்தால், அந்த எழுத்து காணாமல் போய், அதற்குப் பின்னால் இருக்கும் ஜோடிகள் எல்லாம் ஒரு இலக்கம் தள்ளிப் பிரியும். எடையும் காசும் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்த வடிவத்துக்கு வேலையே இல்லை.

பெரிய கோப்பு என்றால் துண்டு துண்டாக வரும். ஹெக்ஸாக்கும் பக்கம் இதனால் ஒரு தொல்லையும் இல்லை: இரண்டு துண்டைத் தனித்தனியாக ஹெக்ஸாக்கி ஒட்டினாலும், ஒட்டிவிட்டு ஹெக்ஸாக்கினாலும் விடை ஒன்றே. பைட்டாக்கும் பக்கம் அப்படி விட முடியாது. துண்டு ஒற்றைப்படை நீளத்தில் அறுந்தால் ஒரு ஜோடியின் இரண்டு இலக்கமும் இரண்டு துண்டில் போய்விடும். மிஞ்சிய ஒரு இலக்கத்தை நிலையாக வைத்துக்கொண்டு அடுத்த துண்டின் தலையில் சேர்க்கும் ஒரு ஃபோல்டு எழுதுங்கள். எல்லாம் முடிந்த பிறகும் கையில் ஒரு இலக்கம் மிஞ்சியிருந்தால் அதுதான் பிழை.

எழுத்து வேறு, பைட் வேறு

ரசீதில் தமிழ் வேண்டும் என்று மில்லில் கேட்டார்கள், எனக்கும் ஆசைதான். தமிழ் வந்ததும் பைட்சரம் என்பது எழுத்துச் சரம் இல்லை என்பது நன்றாகப் புரிந்துவிடும். 'குலை' என்ற சொல்லை எடுங்கள். யூனிகோடில் அது நான்கு குறி: க, உகரக் குறி, ல, ஐகாரக் குறி. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஹெக்ஸில்:

ஈ0 ஏஈ 95 / ஈ0 ஏஎஃப் 81 / ஈ0 ஏஈ பி2 / ஈ0 ஏஎஃப் 88

பன்னிரண்டு பைட், இருபத்து நான்கு இலக்கம். தமிழ்ப் பகுதியின் எல்லாக் குறியும் ஈ0 ஏஈ என்றோ ஈ0 ஏஎஃப் என்றோதான் தொடங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால், பதிவுக் கோப்பில் தமிழ் இருக்கிறதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

ஹாஸ்கெலில் எழுத்துச் சரத்தைப் பைட்சரமாக்க 'சார்8' தொகுதியில் 'பேக்' என்று ஒன்று இருக்கிறது. அது ஒவ்வொரு குறியின் கடைசி எட்டு பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடும். குலை என்பது 95 சி1 பி2 சி8 என்று நான்கே பைட் ஆகிவிடும். இதிலிருந்து குலையைத் திரும்ப எடுக்க முடியாது. 'ஓவர்லோடட்ஸ்ட்ரிங்ஸ்' போட்டு நிரலுக்குள் தமிழைப் பைட்சரமாக எழுதினாலும் இதே கதிதான். தமிழை முதலில் 'டெக்ஸ்ட்' வகையில் வையுங்கள், 'என்கோட்யூடிஎஃப்8' வழியாகப் பைட்சரமாக்குங்கள், அதற்கப்புறம் ஹெக்ஸ். திரும்பி வரும் வழியில் தோல்விக்கு இரண்டு இடம் இருக்கிறது: ஹெக்ஸ் தவறாக இருக்கலாம், அல்லது ஹெக்ஸ் சரியாக இருந்து பைட்டுகள் யூடிஎஃப்-8 ஆக இல்லாமல் இருக்கலாம். இரண்டையும் தனித்தனிப் பிழையாக வைத்திருங்கள். திருத்த வேண்டிய ஆள் வேறு வேறு.

நூலகத்தை எடுக்கும்போது

கையால் ஒரு முறை எழுதிப் பாருங்கள், பிறகு நூலகத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்கெலில் 'பேஸ்16-பைட்ஸ்ட்ரிங்' நல்ல நூலகம். அதன் 1.0 பதிப்பிலிருந்து 'டிகோட்' ஈதர் தருகிறது. அதற்கு முந்திய பதிப்புகளில் ஒரு ஜோடி தந்தது: சரியாகப் படித்த பகுதி ஒன்று, படிக்க முடியாமல் மிஞ்சியது இன்னொன்று. பழைய நிரலைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்தால், அந்த ஜோடியின் முதல் பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகும் வரிகளைத் தேடிப் பிடியுங்கள். அங்கே பிழை சத்தமில்லாமல் விழுங்கப்படுகிறது.

எலிக்சரில் 'பேஸ்' தொகுதி மொழியோடே வருகிறது. ஆனால் அதன் 'என்கோட்16' பெரிய எழுத்தில் எழுதும், 'டிகோட்16'-உம் நாம் வேறு சொல்லாதவரை பெரிய எழுத்தை மட்டும் ஏற்கும். ஹாஸ்கெல் நூலகம் எழுதுவது சிறிய எழுத்து. இங்கிருந்து அங்கே அனுப்பினால் பிழை வரும். 'கேஸ்' என்ற விருப்பத்தில் 'மிக்ஸ்டு' என்று சொன்னால் இரண்டையும் ஏற்கும். எர்லாங்கில் ஓடிபி 24 பதிப்பிலிருந்து 'என்கோட்_ஹெக்ஸ்' உண்டு. எஃப்ஷார்ப் எழுதுகிறவர்களுக்கு டாட்நெட் 5-இலிருந்து 'கன்வர்ட்.டுஹெக்ஸ்ஸ்ட்ரிங்' இருக்கிறது, அதுவும் பெரிய எழுத்து, திரும்பும் வழியில் தவறு வந்தால் எக்ஸெப்ஷன் எறியும். அதைப் பிடித்து 'ரிசல்ட்' வகையாக மாற்றும் ஒரு சின்ன உறையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத்து பெரிதா சிறிதா என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஸ்ஹெச்ஏ-256 போன்ற ஹாஷ் மதிப்புகளை (கோப்புக்குக் கைரேகை போன்ற எண்) ஒப்பிடும்போது 64 இலக்க ஹெக்ஸ் சரங்களை ஒப்பிடாதீர்கள். இரண்டையும் பைட்டாக்கி 32 பைட்டுகளை ஒப்பிடுங்கள்.

சோதனை

2006-இல் வந்த ஆர்எஃப்சி 4648 ஆவணம் இந்த முறையைப் 'பேஸ்16' என்ற பெயரில் விவரித்து, சோதனைக்கான சரங்களையும் கொடுத்திருக்கிறது. காலிச் சரத்துக்குக் காலி. சிறிய எஃப் எழுத்துக்கு 66. ஆவணத்தின் ஹெக்ஸ் பெரிய எழுத்தில் இருக்கிறது, உங்கள் நிரல் சிறிய எழுத்தில் எழுதினால் ஒப்பிடும் முன் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல், உள்ளீடுகளைத் தானே உருவாக்கிச் சோதிக்கும் குவிக்செக் வைத்து மூன்று விதி எழுதுவேன். எந்தப் பைட்சரத்தையும் ஹெக்ஸாக்கி மறுபடி பைட்டாக்கினால் அதே சரம் 'ரைட்'-இல் வர வேண்டும். ஹெக்ஸின் நீளம் எப்போதும் இருமடங்கு. ஷோஹெக்ஸ் பள்ளத்தில் விழுந்தவர்களை இந்த விதி உடனே பிடித்துவிடும். இரண்டு சரத்தை ஒட்டி ஹெக்ஸாக்குவதும் ஹெக்ஸாக்கி ஒட்டுவதும் ஒன்று. எதிர்த்திசையில் விதி எழுதும்போது மட்டும் கவனம்: பெரிய எழுத்தில் வந்த ஹெக்ஸைப் பைட்டாக்கி மறுபடி ஹெக்ஸாக்கினால் சிறிய எழுத்தில் வரும், ஆகவே இரு பக்கத்தையும் சிறிய எழுத்தாக்கி ஒப்பிட வேண்டும்.

தவறான உள்ளீட்டுக்கும் சோதனை வையுங்கள். ஒற்றைப்படை நீளம், ஆங்கில ஜி எழுத்து, நடுவில் ஒரு இடைவெளி, ஓ எழுத்து, ஹெக்ஸுக்குப் பதிலாக நேரே 'குலை' என்ற சொல். ஒவ்வொன்றும் 'லெஃப்ட்' தர வேண்டும், இட எண்ணும் சரியாக இருக்க வேண்டும். கடைசியாக 0 முதல் 255 வரை எல்லா பைட்டையும் வரிசையாக வைத்து ஒரு சரம் செய்து ஓடவிடுங்கள். முதல் பதினாறு பைட்டுகளின் முன்னால் சுழி இருக்கிறதா என்று திரையிலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.